அந்நிய நாடுகளில் ஆங்கிலம் கற்பிப்போரும் தொழில்தருநரும்: யப்பான், தென்கொரிய அனுபவங்களை முன்வைத்து ஒரு நோக்கு

ஆங்கில மொழி இன்று உலகச் சந்தையிலே விலைபோகும் சரக்குகளுள் ஒன்று. அச்சரக்கினை எடுத்துச் செல்லும் ஆசிரியனும் அதனோடு சேர்ந்தே விலை பேசப்படுகின்றான். ஆங்கிலத்தின் உலகப் பரவல் குறித்து ஆராய்ந்தோர் மொழியின் ஆதிக்கத்தைப் பற்றி எழுதிய அளவிற்கு, அம்மொழியைக் கற்பிக்கப் பிறநாடு செல்லும் ஆசிரியனது உழைப்பின் நிலையைப் பற்றி எழுதினாரல்லர். அவன் ஏகாதிபத்தியத்தின் தூதன் என்று ஒரு சாராரும், ஊர்சுற்றும் உல்லாசி என்று இன்னொரு சாராரும் அவனை எளிதில் ஒதுக்கிவிடுகின்றனர். உண்மையில் அவன் ஓராண்டு ஒப்பந்தத்திற்குத் தன் உழைப்புச் சக்தியை விற்கும் கூலித் தொழிலாளி. அவன் தன் தொழில்தருநரிடமிருந்து எவற்றை உரிமையாக எதிர்பார்க்கலாம், எவற்றை வெறும் வாக்குறுதி எனக் கொள்ளவேண்டும் என்பதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இத்துறையில் நீண்ட அனுபவமுடைய யப்பான், தென்கொரியா ஆகிய இரு நாடுகளே பெரும்பாலும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

யப்பானில் 1987 ஆம் ஆண்டு அரசாங்கமே முன்னின்று வெளிநாட்டு இளைஞரை அழைக்கும் ஜெற் திட்டத்தைத் தொடங்கியது. முதலாண்டிலே அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் சென்றனர். தென்கொரியா 1995 இல் இதையொத்த திட்டமொன்றை அரச பாடசாலைகளிலே நடைமுறைப்படுத்தியது. ஆயினும், அரச திட்டங்களில் தொழில் பார்ப்போர் எப்பொழுதும் ஒரு பகுதியினரே. யப்பானில் தனியார் உரையாடற் பள்ளிகளும், பாடசாலைகளுக்கு ஆசிரியரை 'வழங்கும்' கம்பனிகளும், கொரியாவில் 'ஹக்வொன்' எனப்படும் தனியார் போதனா நிலையங்களும் (நமது நாட்டின் ரியூட்டரிகளை இவற்றிற்கு ஒப்பிடலாம்) ஏராளமானோரை வேலைக்கு அமர்த்துகின்றன. தொல்லைகளிற் பெரும்பாலானவை எழுவதும் இத்தனியார் துறையிலேயே.

ஆசிரியனுக்கும் தொழில்தருநருக்கும் இடையிலான அதிகாரச் சமனிலை ஒப்பந்தத்தில் அன்று, விசாவிலேயே முதலில் நிர்ணயிக்கப்படுகின்றது. கொரியாவில் உரையாடல் ஆசிரியருக்கு வழங்கப்படும் 'ஈ-2' விசா குறிப்பிட்ட தொழில்தருநரோடு பிணைக்கப்பட்டது. ஒப்பந்தக் காலத்தின் நடுவே வேறிடம் செல்ல விரும்புபவன் முந்திய முதலாளியிடமிருந்து 'விடுவிப்புக் கடிதம்' பெறவேண்டியவனாகின்றான். தன்னை ஏமாற்றியவனிடமே சம்மதம் கேட்கும் நிலை இது. யப்பானிய முறை இவ்விடயத்தில் வேறானது. அங்கு வதிவுத் தகுதி ஆளுக்கு உரியது, முதலாளிக்கு உரியதன்று. அதே தகுதிக்குள் அடங்கும் வேறு தொழிலுக்கு மாறுபவன் 14 நாட்களுக்குள் குடிவரவு அதிகாரிகளுக்கு அறிவித்தாற் போதுமானது. எனினும், மூன்று மாதங்களுக்கு மேல் உரிய தொழிலில் ஈடுபடாதிருப்பின் அத்தகுதி நீக்கப்படலாம். அரச பாடசாலையில் கற்பிப்பதற்கும் தனியார் கம்பனியில் கற்பிப்பதற்கும் தகுதிகள் வெவ்வேறாகையால், ஒன்றிலிருந்து மற்றையதற்கு மாறுபவன் முன் அனுமதி பெறுதலும் வேண்டும். 'சுற்றுலா விசாவில் வாருங்கள், மிகுதியைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்' என்று கூறும் தொழில்தருநர் எந்நாட்டவராயினும் நம்பத்தக்கவரல்லர். அகப்படும் வேளையில் நாடுகடத்தப்படுபவன் ஆசிரியன். முதலாளி பெரும்பாலும் தண்டப்பணத்தோடு தப்பிவிடுவான்.

ஒப்பந்தத்திலே ஆசிரியர்கள் முதலிற் பார்ப்பது சம்பளத் தொகை. முதலிற் பார்க்கவேண்டியதோ நேரத்தைப் பற்றிய வாசகமாகும். 'கற்பித்தல் மணித்தியாலம்' என்பதும் 'கடமை மணித்தியாலம்' என்பதும் வேறுவேறு. கொரிய அரச திட்டத்தில் வாரத்திற்கு 22 பாடவேளைகளும் 40 மணித்தியாலக் கடமையும் என்று இரண்டும் பிரித்துக் கூறப்பட்டன. பல தனியார் நிலையங்களின் ஒப்பந்தங்களிலோ கற்பிக்கும் நேரம் மாத்திரம் எழுதப்பட்டிருக்கும். பாட ஆயத்தம், திருத்தல் வேலை, பெற்றோருடனான தொலைபேசி உரையாடல், விளம்பரத்திற்காக நடத்தப்படும் இலவச வகுப்பு ஆகியவற்றிற்குக் கணக்கே இராது. இவை யாவும் உழைப்பேயாயினும் ஊதியமற்ற உழைப்பாகும்.

யப்பானில் நீண்டகாலம் வழங்கிய 'இருபத்தொன்பதரை மணித்தியால' ஒப்பந்தம் இத்தகைய தந்திரத்திற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. முழுநேர ஊழியரது வேலை நேரத்தில் நான்கில் மூன்று பங்கிற்குக் குறையாது உழைப்பவரைச் சுகாதாரக் காப்புறுதியிலும் ஓய்வூதியத்திலும் சேர்த்தல் தொழில்தருநரின் கடமை. அவ்வாறு சேர்த்தால் கட்டணத்திற் பாதியை அவரே செலுத்தவேண்டும். வாரத்திற்கு 40 மணித்தியாலம் எனின் நான்கில் மூன்று பங்கு 30 ஆகும். எனவே ஒப்பந்தத்தில் 29.5 என எழுதப்பட்டது. இவ்வரை மணித்தியாலத்தினால் ஆசிரியன் இழந்தது பிற்கால ஓய்வூதியத்தை மாத்திரமன்று. நோயுற்றகாலத்திற் கிடைக்கும் வேதனப் பதிலீட்டையும் அவன் இழந்தான். 2016 ஒக்ரோபரில் 500 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்ட நிறுவனங்களிலும், 2022 ஒக்ரோபரில் 100 பேருக்கு மேற்பட்ட நிறுவனங்களிலும், 2024 ஒக்ரோபரில் 50 பேருக்கு மேற்பட்ட நிறுவனங்களிலும் வாரம் 20 மணித்தியாலம் உழைத்துக் குறித்த அளவு வேதனம் பெறுவோர் இத்திட்டத்துள் கொண்டுவரப்பட்டனர். ஆதலால், பெரிய நிறுவனமொன்று இன்றும் இருபத்தொன்பதரைக் கணக்கைக் காட்டிக் காப்புறுதியை மறுக்குமாயின் அது சட்டமறியாமை அன்று.

இதனினும் நுண்மையான தந்திரம் ஆசிரியனை ஊழியன் அல்லன் என்று காட்டுவதாகும். கொரிய ஹக்வொன்கள் சில ஆசிரியனைச் 'சுயதொழில் புரிவோன்' எனப் பதிவுசெய்து வேதனத்தில் 3.3 வீதத்தை வரியாகக் கழிக்கும். குறைந்த வரி கண்டு ஆசிரியன் மகிழ்வான். ஆனால் அப்பதிவினால் ஓய்வூதியம், காப்புறுதி, விலகற்கொடுப்பனவு ஆகிய யாவும் அவனுக்கு இல்லை என வாதிடத் தொழில்தருநருக்கு வழி பிறக்கின்றது. எந்நேரம் வகுப்பு, எந்நூல் பாடம், எவ்விடம் வேலை என்பவற்றை முதலாளியே தீர்மானிப்பாராயின், காகிதத்தில் என்ன எழுதியிருப்பினும் அவன் ஊழியனே என்பது தொழிற்சட்டத்தின் அடிப்படை. யப்பானில் கல்விச் சபைகள் கம்பனிகளுக்குக் கற்பித்தலைக் கொந்தராத்தாகக் கொடுக்கும் முறையிலும் இதே பொய்மை உண்டு. உண்மையான கொந்தராத்தாயின் பாடசாலை ஆசிரியர் அவ்வெளிநாட்டு ஆசிரியருக்கு நேரடியாகப் பணிப்புரை வழங்குதல் கூடாது. ஒரே வகுப்பறையில் இருவர் சேர்ந்து கற்பிக்கும்போது ஒருவருக்கொருவர் 'இதனைச் செய்யும்' என்று கூறாதிருப்பது எவ்வாறு? சட்டத்தைக் காக்கவேண்டின் கற்பித்தல் கெடும். கற்பித்தலைக் காக்கவேண்டின் சட்டம் மீறப்படும். செலவுச் சிக்கனத்தின் பொருட்டுக் கல்வி நிருவாகிகள் தாமே உருவாக்கிக்கொண்ட முரண்பாடு இது.

கொரியாவிலே ஓராண்டு பூர்த்திசெய்த ஊழியருக்கு ஒவ்வோராண்டிற்கும் முப்பது நாட் சராசரி வேதனத்திற்குக் குறையாத விலகற்கொடுப்பனவு வழங்கப்படவேண்டும். 2010 டிசம்பர் முதல் ஐவருக்குக் குறைந்த ஊழியரைக் கொண்ட சிறு நிலையங்களுக்கும் இது விரிவாக்கப்பட்டது. நமது நாட்டின் 1983 ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் ஐந்தாண்டுச் சேவையின் பின்னர் ஆண்டிற்கு அரைமாதச் சம்பளத்தையே உறுதிசெய்கின்றமையை நோக்க, கொரியச் சட்டம் தாராளமானதாகவே தோன்றும். இத்தாராளமே வேறொரு தீமைக்கும் காரணமாயிற்று. பன்னிரண்டாம் மாதம் நிறைவெய்துமுன், பதினோராம் மாதத்திலே ஏதேனும் காரணங்காட்டி ஆசிரியனை நீக்கும் வழக்கம் அங்கு பெயர்பெற்றது. ஐவருக்குக் குறைந்த நிலையங்களில் நியாயமற்ற பணிநீக்கத்திற்கு எதிரான பாதுகாப்பு இல்லாமையால் அவன் நிலை மேலும் நலிவுறுகின்றது. எனவே விலகற்கொடுப்பனவின் தொகையைக் கேட்டறிவதிலும், நிலையத்தில் எத்தனை பேர் வேலை செய்கின்றனர், முன்னிருந்தோர் எத்தனை மாதம் இருந்தனர் என்பனவற்றை அறிவதே பயனுடைத்து. முன்னிருந்த ஆசிரியருடன் பேச அனுமதிக்காத நிலையத்தின் மறுப்பையே விடையாகக் கொள்ளலாம்.

இடையில் விலகுபவன் தண்டம் செலுத்தவேண்டும் என்னும் வாசகம் பல ஒப்பந்தங்களிற் காணப்படுகின்றது. யப்பானியத் தொழில் நியமங்கள் சட்டத்தின் 16 ஆம் பிரிவும் கொரியச் சட்டத்தின் 20 ஆம் பிரிவும் முன்கூட்டியே தண்டத் தொகை நிர்ணயிப்பதைத் தடைசெய்கின்றன. கையொப்பமிட்டு விட்டோமே என்று அஞ்சி நிற்போர் இதனை மனங்கொள்ளல் நன்று. சட்டத்திற்கு மாறான வாசகம் கையொப்பத்தினால் சட்டமாகிவிடுவதில்லை. தவிரவும், கொரியாவில் வேலையை விட்டு நீங்கிய 14 நாட்களுக்குள் நிலுவை யாவும் தீர்க்கப்படல் வேண்டும்.

வீடு பற்றிய விடயம் தனித்து நோக்கத்தக்கது. தொழில்தருநர் வீடு தருதல் பெருஞ் சலுகையாகவே கருதப்படுகின்றது. மொழியறியாத நாட்டிற் பிணையாளியின்றி வீடு பெறுதல் கடினமாகையால் அது சலுகைதான். ஆயினும் வேலையும் குடியிருப்பும் ஒரே கையில் இருப்பின் வேலை போகும் நாளே வீடும் போகும். நமது மலையகத் தோட்டங்களின் லயன் வாழ்வை அறிந்தோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. இரண்டினதும் துன்பம் ஒன்றென்பதன்று, பிணைப்பின் வடிவம் ஒன்றென்பதே கருத்து.

2007 ஆம் ஆண்டு யப்பானில் நிகழ்ந்த நோவா நிறுவனத்தின் வீழ்ச்சி இதனை உலகறியச் செய்தது. 1981 இல் ஒசாக்காவிலே தோன்றிய அந்நிறுவனம் அந்நாட்டின் மிகப்பெரிய உரையாடற் பள்ளித் தொடராக வளர்ந்திருந்தது. மாணவரிடம் பெருந்தொகையான பாடங்களுக்கு முற்பணம் பெற்று, அப்பணத்தைக் கொண்டு புதிய கிளைகளைத் திறந்து, அக்கிளைகளிற் பெறும் முற்பணத்தால் பழைய செலவைச் சமாளிப்பதே அதன் வளர்ச்சியின் இரகசியம். இடையில் விலகிய மாணவருக்குப் பணம் திருப்பிக் கொடுக்கும் கணக்குமுறை சட்டவிரோதமானது என 2007 ஏப்ரலில் யப்பானிய உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு யூனில் புதிய நீண்டகால ஒப்பந்தங்களை ஆறு மாதங்களுக்கு நிறுத்திவைக்குமாறு அரசாங்கம் பணித்தது. புதிய முற்பணம் நின்றதும் கட்டடம் சரிந்தது. சம்பளங்கள் தாமதித்தன, பின்னர் முற்றாக நின்றன. ஒக்ரோபர் 26 இல் நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பைக் கோரியபோது ஏறத்தாழ 4,000 வெளிநாட்டு ஆசிரியர்கள் வேலையிழந்தனர். ஆசிரியரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் வீட்டு வாடகை கழிக்கப்பட்டு வந்தது; கழிக்கப்பட்ட பணமோ வீட்டுரிமையாளரைச் சென்றடையவில்லை. வாடகையைத் தவறாது கொடுத்துவந்த ஆசிரியர்கள் வாடகை கட்டாதோர் என வெளியேற்ற அறிவித்தல் பெற்றனர். ஒருவேளை உணவிற்கு ஒரு பாடம் என்று தொழிற்சங்கம் ஏற்பாடு செய்யும் நிலையும் உண்டாயிற்று.

இவ்வீழ்ச்சியினால் அறியக்கூடியவை இரண்டு. சம்பளம் தாமதித்தல் ஒரு தவறு மாத்திரமன்று, வரவிருக்கும் வீழ்ச்சியின் அறிகுறியுமாகும். முதல் தாமதத்தோடு வெளியேறியோர் இழந்தது குறைவு. மற்றையது, முறிவடைந்த நிறுவனங்களின் ஊழியருக்குச் செலுத்தப்படாத வேதனத்தின் 80 வீதத்தை ஓர் உச்ச வரம்பிற்குட்பட்டு அரசே முற்கொடுக்கும் திட்டம் 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி யப்பானில் உண்டு. அது வெளிநாட்டவருக்கும் பொருந்தும். அதனைப் பெறச் சம்பளச் சிட்டைகளும் ஒப்பந்தப் பிரதியும் வேண்டும். அவற்றைப் பேணி வைக்காதோர் உரிமையிருந்தும் வெறுங்கையராயினர். மூன்றாண்டுகளின் பின், 2010 ஏப்ரலில், ஜியோஸ் என்னும் மற்றொரு பெரிய பள்ளித் தொடரும் முறிவடைந்தது. சீனாவில் 2021 யூலையில் பாடசாலைக்கு வெளியேயான பயிற்சித் தொழிலை அரசாங்கம் திடீரெனக் கட்டுப்படுத்தியபோது ஆங்கிலப் போதனா நிலையங்கள் பல மூடப்பட்டன. இத்தொழிலின் ஆட்டங்காணும் அத்திவாரம் ஒரு நாட்டிற்கு மட்டும் உரியதன்று.

தொழில்தருநர் ஆசிரியனது உடலைப் பற்றி எவ்வளவு அறியலாம் என்பது இன்னொரு பிரச்சினை. கொரியா 2007 இன் இறுதியில் ஈ-2 விசாவினருக்கு எயிட்ஸ் நோய்க்கிருமிப் பரிசோதனையையும் போதைப்பொருட் பரிசோதனையையும் விதித்தது. அதே வகுப்பறையில் கற்பிக்கும் கொரிய ஆசிரியருக்கோ, கொரிய வம்சாவளியினரான வெளிநாட்டு ஆசிரியருக்கோ இவ்விதி இருக்கவில்லை. எனவே அது சுகாதார நடவடிக்கை அன்று. அந்நியனின் உடல் மாசுடையது என்னும் ஐயத்தின் சட்டவடிவம். நியூசிலாந்தைச் சேர்ந்த ஓர் ஆசிரியை இரண்டாந்தடவை பரிசோதனைக்கு உட்பட மறுத்தமையால் 2009 இல் வேலையைத் தொடர முடியாதவரானார். அவர் இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழுவிடம் முறையிட்டார். 2015 மே மாதத்தில் குழு அவருக்குச் சார்பாகக் கருத்துரைத்தது. 2017 யூலையில் கொரிய அரசாங்கம் ஆங்கில ஆசிரியருக்கான அப்பரிசோதனையைக் கைவிட்டது. 2019 இல் சியோல் நீதிமன்றம் ஒன்று அவருக்கு அரசு நட்டஈடு வழங்கவேண்டுமெனத் தீர்த்தது. ஒருவரின் மறுப்பு பத்தாண்டுகள் கழித்துப் பயன் தந்தது. எனினும், அவ்விடைக்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் இரத்தத்தைக் கொடுத்தே விசாவைப் பெற்றனர்.

இதுகாறும் கூறியவை வேலை கிடைத்தோரின் பிரச்சினைகள். கொரியாவின் ஈ-2 விசா அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்களுக்கே ஆங்கிலம் கற்பிக்க உரியது. இந்தியாவுடன் செய்யப்பட்டு 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பொருளாதார உடன்படிக்கை, ஆசிரியத் தகுதியுடைய இந்தியருக்கு அரச பாடசாலைகளில் உதவி ஆசிரியராகும் சிறு வாயிலொன்றைத் திறந்தது. ஆங்கில இலக்கியத்தில் சிறப்புப் பட்டமும் இருபதாண்டு அனுபவமும் பெற்ற இலங்கையருக்கு அவ்வாயிலும் இல்லை. எத்துறையிலேனும் பட்டம்பெற்ற இருபத்திரண்டு வயது அமெரிக்கருக்கு அங்கு இடமுண்டு. யப்பானிய முறை ஓரளவு விசாலமானது. ஆங்கிலமொழி மூலம் பன்னிரண்டு ஆண்டுகள் கல்வி கற்றதை நிறுவுவோர் நாடெதுவாயினும் விண்ணப்பிக்கலாம். ஆயினும் விண்ணப்பத்துடன் நிழற்படம் கேட்கும் தொழில்தருநர் எதனைத் தேடுகின்றார் என்பது வெளிப்படை. வளைகுடா நாடுகளின் பாடசாலைகளிற் கடவுச்சீட்டின் நிறத்திற்கேற்பச் சம்பளம் வேறுபடுவதை நம்மவர் பலர் அனுபவத்தில் அறிவர். அங்கு சட்டம் தடைசெய்திருந்தும் கடவுச்சீட்டையே முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கமும் முற்றாக மறையவில்லை.

இப்பாகுபாட்டின் கருத்தியல் வேரை றொபேட் பிலிப்சன் 1992 இல் வெளியிட்ட 'மொழி ஏகாதிபத்தியம்' என்னும் ஆங்கில நூலில் ஆராய்ந்தார். 1961 இல் உகண்டாவின் மக்கெரெரேயில் நடைபெற்ற மாநாட்டின் வழி நிலைபெற்ற ஐந்து பொய்க் கோட்பாடுகளுள் ஒன்று, தாய்மொழியாளனே சிறந்த ஆசிரியன் என்பது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஏ. சுரேஷ் கனகராஜா 1999 இல் இப்பொய்மையை மேலும் கட்டவிழ்த்தார். அவருடைய அக்கட்டுரையைக் கொண்ட தொகுதியைப் பதிப்பித்த ஜோர்ஜ் பிரெயினும் இலங்கையரே. ஆங்கில ஆசிரியரின் சர்வதேசச் சங்கமான ரெசோலினுள் 1998 இல் தாய்மொழியாளரல்லாத ஆசிரியரின் அணி உருவாக அவர் முன்னின்றார். 2006 இல் அச்சங்கம் இத்தகைய பாகுபாட்டைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. அறிக்கை ஒரு விசாவையும் மாற்றவில்லை எனலாம். ஆனால் இவ்விவாதத்தில் நம்மவர் பங்கு பெரிதென்பது நமது பல்கலைக்கழகங்களிலேயே போதியளவு அறியப்படவில்லை.

ஒன்றைச் சேர்த்துக் கூறவேண்டும். தாய்மொழியாளன் என்னும் தகுதி வெள்ளை ஆசிரியனுக்கும் இறுதியிற் காப்பாகவில்லை. பயிற்சியும் அனுபவமும் அன்றிப் பிறப்பே தகுதியாயின், அத்தகுதியுடைய வேறொருவனை அடுத்த விமானத்தில் வரவழைக்கலாம். பயிற்சிக்கு மதிப்பில்லாத தொழிலிற் பயிற்சி பெற்றவனுக்கும் மதிப்பில்லை. யப்பானில் ஐந்தாண்டுகளுக்கு மேல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டோர் நிரந்தரமாகும் உரிமை 2013 ஏப்ரலிற் சட்டமாயிற்று. அவ்வரம்பை எட்டுமுன் புதுப்பிக்க மறுக்கும் தொழில்தருநரின் போக்கிற்கும் இதுவே அடிப்படை.

இடைத்தரகர் பற்றிச் சுருங்கக் கூறலாம். சர்வதேசத் தொழில் தாபனத்தின் 1997 ஆம் ஆண்டு 181 ஆம் இலக்கச் சமவாயம், தனியார் வேலைவாய்ப்பு முகவர்கள் தொழிலாளரிடம் கட்டணம் அறவிடலாகாது என்பதைப் பொது விதியாக்கியுள்ளது. கட்டணம் தொழில்தருநர் பொறுப்பு. இலங்கையிலிருந்து செல்வோர் 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிபெற்ற முகவர்தானா என்பதைச் சரிபார்த்தல் வேண்டும்.

மேற்கூறிய உரிமைகள் எவையும் தாமாக வந்தனவல்ல. யப்பானில் வதிவுத் தகுதி எதுவாயினும் வெளிநாட்டு ஆசிரியன் தொழிற்சங்கத்திற் சேரலாம். சங்கம் கோரும் பேச்சுவார்த்தையை முதலாளி காரணமின்றி மறுக்க முடியாது. பேர்லிற்ஸ் மொழிப் பள்ளிகளின் ஆசிரியர்கள் 4.6 வீத அடிப்படைச் சம்பள உயர்வும் ஒருமாத வேதனத்திற்குச் சமமான ஒருதடவைக் கொடுப்பனவும் கோரி 2007 டிசம்பரில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நூற்றுக்கு மேற்பட்டோர் வெவ்வேறு கிளைகளில், வெவ்வேறு நேரங்களில், ஒருசில பாடங்களை மட்டும் நிறுத்தும் முறையில் ஏறத்தாழ ஓராண்டு போராடினர். எப்பாடம் நிற்கும் என முன்னறிய முடியாமையால் நிருவாகம் திணறியது. 2008 டிசம்பரில் நிறுவனம் இவ்வேலைநிறுத்தம் சட்டவிரோதமானதெனக் கூறி, சங்கத்தினரிடம் 11 கோடி யென் நட்டஈடு கோரி வழக்கிட்டது. 2012 பெப்ரவரியில் ரோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவ்வழக்கை முழுமையாகத் தள்ளுபடி செய்தது. அவ்வாண்டின் இறுதியில் ஏற்பட்ட இணக்கத்தின்படி சங்க உறுப்பினருக்குச் சம்பள உயர்வும் ஒரு மொத்தத் தொகையும் கிடைத்தன.